சித்தப்பா போன் இணைந்தது

தொலைக்காட்சித் திரையின் மேல்மூலையில் ஒரு சின்னக் கறுப்புப் பட்டை வரும். அதற்குள் வெள்ளை எழுத்தில் 'சித்தப்பா போன் இணைந்தது' என்று இருக்கும். நிமிர்ந்து பார்ப்பதற்குள் மறைந்தும் போய்விடும். அதைப் பார்த்ததும் என் சித்தி அடுப்படிக்கு எழுந்து போவாள். அவள் பாலை ஏற்றிவைக்கும் நேரத்தில் சித்தப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் சாயங்காலம் என்பது வெகுநாள் அந்த ஒரு வரியில்தான் தொடங்கியது. பிறகு அதே வரியைக் கண்டு சித்தியும் நானும் நடுங்கிக் கிடந்த காலம் ஒன்று வந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. சாத்தூர்ப் பக்கம் ஏழாயிரம்பண்ணையிலிருந்து உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவள். சித்தப்பா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். வானத்தில் ஏறிப் பூவாக விரிகிற பேன்சி ரகங்களுக்கு வெடிமருந்து அடைக்கும் வேலை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் பள்ளி விடுமுறைகள் எல்லாம் அவர்கள் வீட்டில்தான் கழிந்தன. படிப்பு முடிந்து சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் வடிவமைக்கும் வேலையில் சேர்ந்த பிறகும், லீவு கிடைத்தால் என் கால்கள் அந்த ஊர் மினி பஸ்ஸைத் தேடித்தான் போகும்.

ஒரு தீபாவளிக்குச் சித்தப்பா பெரிய ஸ்மார்ட் டி.வி. வாங்கினார். கேபிள்காரர் அப்போதுதான் மின்கம்பங்கள் வழியாக ஊருக்குள் இன்டர்நெட் ஒயர் இழுத்திருந்தார். ஒயர் தெரு ஜன்னல் வழியாக உள்ளே வந்ததால் வைஃபை பெட்டியை அந்த ஜன்னலுக்கு மேலேயே ஆணியடித்து மாட்டினோம். வீட்டுக்குள்ளே பின்கட்டு வரைக்கும் அது சரியாக எட்டாது. ஆனால் தெருப்பக்கம் எந்தத் தடையும் இல்லாததால் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் எட்டும். கம்பெனி வேன் ஆட்களை இறக்கிவிடுகிற இடம் அந்தத் தொட்டியடிதான்.

டி.வி. வந்த வாரத்திலேயே சித்தப்பா ரிமோட்டைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டார். அதனால் போனையே ரிமோட்டாக்கும் செயலி ஒன்றை அவருடைய போனில் ஏற்றிக் கொடுத்தேன். 'இந்தக் கருவிக்கு ஒரு பெயர் இடுங்கள்' என்று டி.வி. கேட்டது. 'சித்தப்பா போன்' என்று அடித்தேன். போனுக்குக் கைரேகைப் பூட்டு வைக்கப் பார்த்தால் நடக்கவில்லை. அவருடைய விரல்களில் அலுமினியப் பொடி ரேகைக்குள் புகுந்து பளபளத்துக் கிடந்தது. எத்தனை தடவை துடைத்து வைத்தாலும் போன் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. "விடு பாப்பா, நம்ம போன்ல எந்தக் கோட்டையைப் பூட்டி வச்சிருக்கோம்" என்று சிரித்தார். பூட்டு இல்லாமலே விட்டுவிட்டோம்.

அன்றிலிருந்து அவர் வேனிலிருந்து இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் போன் தானாக வைஃபையைப் பிடிக்கும். உடனே டி.வி. மூலையில் அந்த வரி வந்துவிடும். வந்து கால் கையைக் கழுவிக்கொண்டு, டீயோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கடலுக்குள் போகும் மீனவர்கள் எடுத்துப் போடும் வீடியோக்களைப் பார்ப்பார். ராமேஸ்வரத்தைத் தவிர வேறெங்கும் கடலைப் பார்த்திராத மனிதர். வலை மேலே வரும்போது குழந்தையைப் போல முன்னால் நகர்ந்து உட்காருவார். போனின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி டி.வி. சத்தத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவார். கம்பெனியில் வருஷக்கணக்கில் வெடித்துப் பார்க்கும் சத்தம் கேட்டதில் காது கொஞ்சம் மந்தம். திரையில் பச்சைக் கோடு ஏறிக்கொண்டே போகும். "தெருவுக்கே போட்டுக் காட்டுறீகளாக்கும்" என்று சித்தி உள்ளேயிருந்து கத்துவாள்.

எங்கள் பக்கத்தில் பயம் புதிய விருந்தாளி அல்ல. எங்கேயாவது 'டம்' என்று கேட்டால் பெண்கள் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து, எந்தத் திசையில் புகை கிளம்புகிறது என்றுதான் பார்ப்பார்கள். புகை வேறு திசையில் என்றால் ஒரு மூச்சு விடுவார்கள். அடுத்த கணமே, அந்தத் திசையில் இருக்கும் ஊர்களில் தங்களுக்கு யார் யார் என்று யோசிக்கத் தொடங்குவார்கள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும், சாயங்காலம் வெளியே வரும்போதுதான் கைக்குத் திரும்பும். ஆகவே சத்தம் கேட்டதும் போன் போட்டு விசாரிக்கவும் வழியில்லை. சித்தப்பா கம்பெனியில் கேட்டில் உட்கார்ந்து போன்களை வாங்கிப் பெட்டியில் வைப்பது வயதான ஒரு பெண். சித்தப்பா பேச்சில் இந்தக் 'கேட் அக்கா' அடிக்கடி வரும். பக்கத்து ஊர்க்காரி, கட்டிக்கொண்டு வரும் புளிச்சோற்றை எல்லாருக்கும் பங்கு வைப்பவள் என்று தெரியும். முகம் தெரியாது.

மாசி மாதம் ஒரு முற்பகல். அச்சகத்தில் என் மேசைக்குப் போன் வந்தது. பேசியது சித்திதான். குரலில் அழுகை இல்லை. "சத்தம் கேட்டுச்சு பாப்பா. அவுக கம்பெனிப் பக்கந்தான் புகை. நான் போன் போட்டுப் பாத்துட்டேன், ரிங் போகுது. ரிங் போகுதுன்னா அவுகளுக்கு ஒண்ணும் ஆகலைன்னுதான அர்த்தம்?" என்றாள். ஆமாம் சித்தி என்றேன். போன் கேட்டில் இருக்கும், மனிதர் உள்ளே இருப்பார் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் இருவரும் அந்த மணிச்சத்தத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். நான் பஸ் பிடித்து ஊருக்குப் போய்ச் சேரும்வரை அவள் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். வாசலில் கூடியிருந்த ஜனங்களிடமெல்லாம் "ரிங் போகுது, ரிங் போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தெருவுக்குள் நுழைந்தபோதும் போன் அவள் காதிலேயே இருந்தது. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது.

அவருடைய சாப்பாட்டுத் தூக்கும் செருப்பும் திரும்பி வந்தன. போன் வரவில்லை. பெட்டியில் இருந்தவற்றைப் போலீஸ் எடுத்துப்போனதாகச் சொன்னார்கள். போலீஸில் கேட்டால், அப்படி ஒரு போன் வரவே இல்லை என்றார்கள். அந்த நெரிசலில் யாரோ கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டோம். பிறகு அந்த எண்ணுக்குப் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. கம்பெனிக்குச் சீல் வைத்துவிட்டார்கள். சித்தியைத் தனியாக விட அம்மாவுக்கு மனமில்லை. நான் அங்கேயே தங்கி சிவகாசிக்கு வேலைக்குப் போய்வரத் தொடங்கினேன்.

வெயில் காலம் போய் ஆடிக் காற்று தொடங்கியது. எங்கள் பக்கத்து ஆடிக்காற்று மண்ணை அள்ளி முகத்தில் எறிகிற காற்று. கதவு தானாகச் சாத்தும், தகரம் தானாகப் பேசும். அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது அடுப்படி மேடையில் ஒரு டம்ளர் டீ தட்டுப்போட்டு மூடியிருந்தது. எனக்கு வைத்திருக்கிறாள் என்று எடுத்தேன். "அது உனக்கில்ல" என்றாள். குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. பக்கத்து வீட்டுக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து அதேபோல் ஒரு டம்ளர், ஆடை படிந்து ஆறிப்போய். மறுநாளும். யாருக்கு சித்தி என்றேன். அவள் டி.வி.யின் மூலையைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

துக்கத்தில் மனம் பேதலித்துப்போனவர்களை எங்கள் ஊர்களில் பார்த்திருக்கிறேன். வெடிவிபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒருத்தி, வேன் வரும் நேரத்துக்குத் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு நிற்பாள். சித்தியும் அப்படி ஆகிவிடுவாளோ என்ற நினைப்பிலேயே அன்று தூக்கம் போனது. அடுத்த நாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு மதியமே வந்து உட்கார்ந்துகொண்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். டி.வி.யில் ஏதோ தொடர் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வெளியே வேறொரு கம்பெனி வேன் வந்து நிற்கும் சத்தம், கதவு திறக்கும் சத்தம், பெண்களின் பேச்சு. திரையின் மூலையில் கறுப்புப் பட்டை வந்தது.

'சித்தப்பா போன் இணைந்தது.'

சித்தி முறத்தைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்கு எழுந்துபோனாள்.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், கேட்டுவிடக் கூடாதே என்றும் வேண்டிக்கொண்டிருந்தேன். காற்று கதவை ஒரு தரம் தள்ளியது. அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று இன்னொரு பட்டை வந்து போனது. சித்தி டீயை ஆற்றி, மேடையில் வைத்து, தட்டைப் போட்டு மூடினாள். பிறகு என்னிடம் திரும்பி, "பாத்தேல்ல? நான் கிறுக்கச்சி இல்ல" என்றாள். அப்போதுதான் பார்த்தேன், அவள் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. டீ போடுவது ஆசையினால் என்று நினைத்திருந்தேன். பயத்தினால் போட்டிருக்கிறாள். வந்தவர் டீ இல்லாமல் திரும்பிப் போனால் என்ன ஆகுமோ என்ற பயம்.

அந்த வீட்டின் கருவிகளை ஒன்றோடொன்று இணைத்தவள் நான். அதனால் என் பயம் வேறு மாதிரி இருந்தது. ஆவி வந்து வைஃபையைப் பிடிக்காது. அந்த வரி வருகிறதென்றால் அந்தப் போன் உயிரோடு இருக்கிறது, சார்ஜோடு இருக்கிறது, எங்கள் ஜன்னலுக்கு எட்டும் தூரத்தில் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. செத்தவருடைய போனை எடுத்துவைத்துக்கொண்டு, ஆம்பிளை இல்லாத வீட்டின் எதிரே, சாயங்காலமானால் யார் வந்து நிற்கிறார்கள்? எதற்காக? பூட்டில்லாத போன். அதில் சித்தியின் படங்கள் இருக்கும், என் படங்கள் இருக்கும். சித்தியிடம் இதைச் சொன்னேன். அவள் பயம் குறையவில்லை. அவளுடையதோடு என்னுடையதும் சேர்ந்து வீட்டில் இரண்டு பயங்கள் குடியிருந்தன. சாயங்காலம் நெருங்க நெருங்க நாங்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வோம். நான் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்ப்பேன். தொட்டியடியில் எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும்: வேனிலிருந்து இறங்குகிறவர்கள், குடத்தோடு நிற்பவர்கள், பக்கத்து ஊருக்கு நடக்கிறவர்கள். எல்லாருமே வெள்ளிப்பொடி படிந்த கைகளோடு, களைத்த முகத்தோடு. அவர்களில் யாரை என்று சந்தேகப்படுவது?

ஒருநாள் பொறுக்கமுடியாமல் வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கப் போனேன். சித்தி பாய்ந்துவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் கையில் பதிகிற அளவுக்குப் பிடி.

"அதத் தொட்ட, கையை ஒடிச்சிப்புடுவேன்."

"யாரோ எவனோ சித்தி. நமக்குத் தேவையா? அமத்திப்போட்டா நிம்மதியாப் படுக்கலாம்ல."

"யாரா வேணா இருக்கட்டும். அவுக பேரு வருதுல்ல" என்றாள். பிடித்த கையை விடாமலே உட்கார்ந்து அழுதாள். அவர் போன பிறகு அவள் வாய்விட்டு அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை அது நடந்தது. வீடு கழுவி, விளக்கேற்றியிருந்தோம். டி.வி.யில் செய்தி, சத்தம் குறைவாக. வேன் வந்து போனது. அந்த வரி வந்தது. பட்டை மறைந்ததும் இன்னொன்று நடந்தது. திரையின் ஓரத்தில் பச்சைக் கோடு தோன்றியது. யாரும் தொடவில்லை. புதிதாக வாங்கிய ரிமோட் அலமாரியில் இருந்தது. கோடு ஏறத் தொடங்கியது. செய்தி வாசிப்பவரின் குரல் பெரிதானது. இன்னும் ஏறியது. அறை முழுவதும் இரைந்தது, ஜன்னல் கம்பி அதிர்ந்தது. சித்தப்பா சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவாரே, அதேபோல், நிறுத்தாமல். நான் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒண்டினேன். "சித்தி வா, பின்வாசல் வழியாப் போயிரலாம்" என்று கத்தினேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

சித்தி பின்வாசலுக்குப் போகவில்லை. அடுப்படியிலிருந்து டீ டம்ளரோடு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. டம்ளரிலிருந்து டீ தளும்பி அவள் புறங்கையில் வழிந்தது, சுட்டதாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. என்னைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கி நடந்தாள். தனியாக விடமுடியாமல் நானும் ஓடினேன். காலில் செருப்பு இல்லை. எனக்குள் ஓடியது ஒன்றுதான்: அங்கே சித்தப்பாவே நின்றால் நான் என்ன செய்வேன்?

தொட்டியடியில் கூட்டம் கலைந்திருந்தது. சுவரை ஒட்டி ஒரே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது. சாப்பாட்டுப் பையை ஒரு கையில் தொங்கவிட்டு, மற்றொரு கையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அந்தக் கைக்குள் போன். பக்கவாட்டில் இருக்கும் சத்தப் பொத்தானோடு சேர்த்து இறுக்கிக்கொண்டிருந்தாள். தூரத்தில் எங்கள் வீட்டிலிருந்து செய்தி தெருவெல்லாம் இரைந்துகொண்டிருந்தது. அது தன்னால்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்களைப் பார்த்ததும் அவள் அப்படியே சகதியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் திருடி இல்ல தாயி" என்றாள் முதலில். "நான் கேட்ல இருந்தவ."

சித்தி அவள் கையிலிருந்த போனையே பார்த்தாள்.

"குடுத்திரணும் குடுத்திரணும்னுதான் தெனமும் எடுத்தாரேன். சீசனுக்கு வேற கம்பெனியில சேந்தேன், அந்த வேன் இந்த வழியா வருது. எங்க ஊருக்கு இன்னும் தள்ளி எறங்கணும். நான் இங்கனயே எறங்கிருவேன். உங்க வாசலப் பாப்பேன். கால் வராது. நடந்தே ஊருக்குப் போயிருவேன்."

"எப்படி உங்க கையில வந்துச்சு?" என்று நான் கேட்டேன். என் குரல் கடுமையாகத்தான் இருந்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. சித்தியைப் பார்த்தே சொன்னாள். "வெடிச்சதும் தப்பிச்சவுக அம்புட்டுப் பேரும் ஓடியாந்து, அவுக அவுக போனை அள்ளிக்கிட்டு வீட்டுக்குப் பேச ஓடிட்டாக. பொறவு பெட்டியப் பாத்தேன். எடுக்க ஆளில்லாம கொஞ்சம் கெடந்துச்சு. எந்தப் போனு யாருதுன்னு எனக்குத் தெரியும்ல தாயி. காலையில நாந்தான வாங்கி வச்சேன்." மூச்சு வாங்கினாள். "யாரும் இன்னும் ஒண்ணும் சொல்லல. ஆளு யாருன்னு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுல இது ஒண்ணு மட்டும் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. வீடுன்னு எழுதி வந்துச்சு. கையில எடுத்தேன். எடுத்து என்னன்னு சொல்ல? நின்னு நின்னு மறுபடி அடிக்குது. அத வச்சுக்கிட்டே ஓடிட்டேன். போலீஸ் வந்தப்போ மத்ததத்தான் குடுத்தாக."

"நாந்தான் அடிச்சேன்" என்றாள் சித்தி.

"தெரியும் தாயி."

"ரிங் போகுதுன்னு நம்பிக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருக்கலாமே. ஏன் எடுக்கல?"

"பயமா இருந்துச்சு."

சித்தியின் முகம் ஒரு கணம் கல்லாக இறுகியது. அடித்துவிடுவாள் என்றே நினைத்தேன். கை ஓங்குவதற்கு டம்ளர் இடைஞ்சலாக இருந்தது போலத் தன் கையையே குனிந்து பார்த்தாள். டீ முக்கால்வாசி கொட்டியிருந்தது. "எந்திரிங்க. தெருவுல என்ன இருப்பு. உள்ள வாங்க" என்றாள்.

வீட்டுக்குள் வந்ததும் முதலில் நான் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தேன். தொட்டியடியில் தளர்ந்து போயிருந்த தொடர்பு உள்ளே வந்ததும் திரும்ப ஒட்டிக்கொண்டது போலும், அந்தப் பட்டை மறுபடி மூலையில் வந்தது. கேட் அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் கையிலிருந்த போனைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், வாசற்படிக்கே பின்வாங்கினாள். நாங்கள் இத்தனை நாள் பட்ட நடுக்கம் முழுவதும் அவள் முகத்தில் ஒரே வீச்சில் வந்து நின்றது. நான் விளக்கிச் சொன்னேன். போன் இந்தப் பெட்டிக்குத் தெரிந்த போன், கிட்டே வந்தாலே டி.வி. சொல்லிவிடும், சத்தமும் உங்கள் கைப்பிடியில் கூடியதுதான் என்று.

"அப்ப நான் வந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் சித்தியிடம்.

"அவுக வந்ததாத்தான் தெரியும்" என்றாள் சித்தி.

கேட் அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு அவளாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மணியடித்தால் உயிர் போய்விடுவதுபோல் இருந்ததாம். சாத்தூரில் ஒரு கடையில் கொடுத்து, அடிக்காதபடி பண்ணச் சொல்லிச் சிம்மை எடுத்துவிட்டாளாம். ஆனால் சார்ஜ் மட்டும் தீரவிடவில்லை. சார்ஜ் போனால் உள்ளே இருக்கும் படங்களெல்லாம் அழிந்துபோகும் என்று நினைத்திருக்கிறாள். அவள் வீட்டில் கரண்ட் இல்லாத நாளில் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோய்ச் சொருகியிருக்கிறாள். ஒரு நாள்கூட அணையவிடாமல் காப்பாற்றி, ஒரு நாளும் கொடுக்கத் துணியாமல், சாப்பாட்டுப் பைக்குள் சுமந்து திரிந்திருக்கிறாள். நாங்கள் கதவுக்கு உள்ளே நின்று பயந்துகொண்டிருந்த அத்தனை சாயங்காலமும் அவள் கதவுக்கு வெளியே நின்று பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

போனைச் சித்தியின் மடியில் வைத்தாள். சித்தி அதைத் திறந்து பார்க்கவில்லை. திருப்பிப் பார்த்தாள், கண்ணாடியைச் சேலையால் துடைத்தாள். "அன்னைக்குக் காலையில இதக் குடுக்கையில என்ன சொன்னாக?" என்று மட்டும் கேட்டாள்.

கேட் அக்கா யோசித்தாள். பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவள் தேடுவது தெரிந்தது. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. "ஒண்ணும் சொல்லல தாயி. அடியில வைக்காதீக, கண்ணாடி கீறிரும், மேல வைங்கன்னாக. அம்புட்டுதான்."

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று குனிந்து தலையைத் தரையில் முட்டிக்கொண்டு அழுதாள். கேட் அக்கா அவள் முதுகில் கை வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல், கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு வைத்தாள்.

பயம் அத்தோடு தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. போன் வீட்டுக்குள் வந்த பிறகு வேன் நேரத்தில் திரையில் எதுவும் வரவில்லை. அந்த வெறுமையைப் பார்க்கச் சித்தியால் முடியவில்லை. சாயங்காலமானால் டி.வி.யை அணைத்துவிடுவாள். "முன்ன பயமாவாச்சும் இருந்துச்சு" என்றாள் ஒருநாள். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கேட்டிருக்கிறாள் என்று தெரிந்து நானும் அம்மாவும் வெகுநாள் அவளைத் தனியாக விடாமல் மாறி மாறி இருந்தோம். அந்த நாட்களில் அழைக்காமலே வந்தது கேட் அக்காதான். வேனிலிருந்து அங்கேயே இறங்குவாள். வந்து கொஞ்சநேரம் இருப்பாள், அதிகம் பேசமாட்டாள், நடந்து ஊருக்குப் போவாள். முதலில் சித்தி அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. பிறகு தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் ஒரு நாள் நான் வந்தபோது இருவரும் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கல்யாணமாகி இப்போது விருதுநகரில் இருக்கிறேன். போன மாதம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம் சாப்பிட்டு எழுந்த நேரத்தில் 'டம்' என்று கேட்டது. பாத்திரம் அதிர்ந்தது. சித்தி எச்சில் கையோடு தெருவுக்கு ஓடினாள். வானத்தில் எந்தப் பக்கமும் புகை இல்லை. கல்குவாரி வெடியாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். சித்தி கேட்கவில்லை. கேட் அக்கா வேலை பார்க்கும் கம்பெனி இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன் போட்டுக் கேளேன் சித்தி என்றேன், சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசியது. அந்த அக்காவின் போனும் சாயங்காலம் வரை ஒரு பெட்டிக்குள்தான் கிடக்கும். சித்தி தன் போனை எடுக்கக்கூட இல்லை. "ரிங் போகும். போயி என்ன செய்ய?" என்றாள்.

அதன் பிறகு அவள் வீட்டுக்குள் வரவில்லை. வெயிலில் தொட்டியடிக்குப் போய் நிழல் விழுந்த பக்கமாக உட்கார்ந்துகொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சேலை முந்தியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். வேன் வழக்கமாக வரும் நேரம் தாண்டியது. சித்தி எழுந்து நின்றாள். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பல வருஷத்துக்கு முன்னால் இதே தெருவில் வெறுங்காலோடு ஓடியபோது அடித்துக்கொண்டதைப் போலவே.

கடைசியில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வேன் வந்தது. ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். கடைசியில் கேட் அக்கா, கம்பியைப் பிடித்து, முட்டுவலியோடு, ஒவ்வொரு படியாக.

"என்ன தாயி, வெயில்ல வந்து நிக்கிறீக?"

"ஏன் இம்புட்டு நேரம்?" என்று சித்தி சீறினாள். கண்ணில் நீர் முட்டி நின்றது.

"டயரு பஞ்சராப் போச்சு. அதுக்கா இப்படி நிக்கிறீக?"

சித்தி அவள் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். கேட் அக்கா மெல்ல மெல்லப் பின்னால் வந்தாள். சித்தி கொஞ்ச தூரம் போய் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். அவள் வந்து சேர்ந்த பிறகுதான் மறுபடி நடந்தாள்.